கடப்பாக் கல்லும் கைக்கோடரியும்

மாதவரம் பக்கம் கொஞ்சம் பழைய வீடாகப் பார்த்து உள்ளே போனால் சமையலறையில் கறுப்பாக ஒரு மேடை இருக்கும். கடப்பாக் கல். அடுப்பு வைப்பது அதன் மேல்தான், அலமாரித் தட்டும் அதே கல்தான். அந்தக் கல்லின் மேல் பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறந்துபோனால் அவ்வளவுதான். வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்துவிடும். எத்தனை தேய்த்தாலும் போகாது. வீட்டில் திட்டு நிச்சயம்!

ஏன் வெளுக்கிறது? பார்க்கத்தான் கறுப்பு. உண்மையில் அது சுண்ணாம்புக்கல். புளிப்பு, அதாவது அமிலம் பட்டால் சுண்ணாம்புக்கல் கரையும். எலுமிச்சைச் சாறு ஒரு ராத்திரியில் செய்யும் வேலையை மழைத்தண்ணீர் ஒரு மலையில் லட்சக்கணக்கான ஆண்டுகள் செய்தால் என்ன ஆகும்? குகை உண்டாகும்.

அந்தக் கல் வெட்டப்படும் ஊர்ப்பக்கம் அப்படிப்பட்ட குகைகள் உண்மையாகவே இருக்கின்றன. ஆந்திராவில் கடப்பா, நந்தியால் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் மலைகள் அவை. (நந்தியால் 2022 வரை கர்நூல் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது.) சென்னையில் ஒரு கல்லைக் கண்டெடுத்த வெள்ளைக்காரர் ஒருவர், அதைச் செய்த மனிதனைத் தேடி இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மலைக்குள் இறங்கினார். அவர் தேடியது என்ன, கிடைத்தது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சென்னைக் கதை

1863 மே 30. இடம் பல்லாவரம். ராணுவப் பயிற்சி மைதானத்துக்குப் பக்கத்தில் சரளைக்கல் தோண்டிய ஒரு பள்ளம். அங்கே ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற 28 வயது இளைஞர் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1858-ல் சேர்ந்து மதராஸுக்கு வந்தவர். கல்லைப் பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். ஆனால் இந்தக் கல் வேறு மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் செதுக்கி, ஒரு முனையைக் கூராக்கி, கைக்கு அடக்கமாகச் செய்திருந்தார்கள். இயற்கை அப்படிச் செதுக்காது. கைக்கோடரி!

அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மனிதன் பூமியில் தோன்றி ஆறாயிரம் ஆண்டுதான் ஆகிறது என்று ஐரோப்பாவில் படித்தவர்களே நம்பிய காலம் அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தது. டார்வின் புத்தகம் வந்தது 1859-ல். பிரான்சில் சோம் ஆற்றங்கரைச் சரளையில் கிடைத்த கற்கருவிகள் உண்மையானவை என்று இங்கிலாந்து அறிஞர்கள் ஒப்புக்கொண்டதும் அதே 1859-ல்தான். நாலே ஆண்டுகளில் அதே மாதிரிக் கருவி பல்லாவரத்தில்.

ஃபூட் அதோடு நிற்கவில்லை. 1863 செப்டம்பர் 28-ம் தேதி, தன்னோடு வேலை பார்த்த வில்லியம் கிங்குடன் பூண்டிக்கு அருகில் உள்ள அத்திரம்பாக்கத்தில் இன்னும் பெரிய புதையலைக் கண்டார். ஓடைக்கரை முழுவதும் கருவிகள். அதன் பிறகு சென்னையைச் சுற்றியுள்ள செம்மண் பூமி எல்லாமே அவருக்குப் பழைய மனிதனின் பட்டறையாகத் தெரிந்தது.

இதில் வடசென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அத்திரம்பாக்கம் கொசஸ்தலையாற்றுப் படுகையில் இருக்கிறது. அதே ஆறுதான் பூண்டி ஏரியைக் கடந்து, வடக்கே சுற்றி வந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெய்ப் படலமுமாக இன்று செய்தியில் அடிபடுகிறதே, அந்த ஆறேதான். 1930களில் பேட்டர்சன் என்ற ஆய்வாளர் இந்தப் படுகையில் வடமதுரை போன்ற ஊர்களைச் சுற்றி ஆராய்ந்தார். வடமதுரை வேறெங்கோ இல்லை, பெரியபாளையம் போகிற வழிதான். மாதவரத்திலிருந்து செங்குன்றம் தாண்டிப் போனால் வந்துவிடும். மதராஸ் பெயரிலேயே ஒரு கற்கருவி மரபை உலக அறிஞர்கள் குறிப்பிட்டது இந்தக் கண்டுபிடிப்புகளால்தான்.

கல் இருக்கிறது, ஆள் எங்கே?

கணக்குப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பேரேட்டில் ஒரு பக்கம் மட்டும் எழுதியிருந்தால் கணக்கு நேராகாது. ஃபூட்டின் கணக்கிலும் அதுதான் பிரச்சினை. ஒரு பக்கத்தில் கருவிகள் குவிந்துகொண்டே போயின. மறுபக்கம், அதைச் செய்தவன் எங்கே? அவன் எப்படி இருந்தான்? அவன் தின்ற விலங்குகள் என்ன? அந்தப் பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை. எலும்பு வேண்டும். எலும்பு கிடைக்கவில்லை.

காரணம் மண். சென்னையைச் சுற்றியுள்ள செம்புரைக்கல் மண், மழை கழுவிக் கழுவி சுண்ணாம்புச் சத்தெல்லாம் போய், இரும்பு மட்டும் தங்கியதால் சிவந்த மண். செங்குன்றம் என்ற பெயரே அந்த நிறத்தைச் சொல்கிறது. இப்படிக் கழுவப்பட்ட மண் பொதுவாக அமிலத்தன்மை உடையது. எலும்பு எதனால் ஆனது? பெரும்பாலும் கால்சியம். எலுமிச்சைச் சாறு கடப்பாக் கல்லைத் தின்பது போல அமில மண் எலும்பைத் தின்றுவிடும். குவார்ட்சைட் என்கிற கடினமான கல்லில் செய்த கருவிக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. பத்து லட்சம் ஆண்டுகள் ஆனாலும் அப்படியே கிடக்கும்.

சுண்ணாம்புக் குகையில் நடப்பது இதற்கு நேர்மாறு. காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு கலந்து மழைத்தண்ணீர் லேசான அமிலமாகிறது. அது பாறை வெடிப்புகளில் இறங்கி, சுண்ணாம்பைக் கரைத்துக் குகை குடைகிறது. அப்படிக் கரைத்ததால் அந்த அமிலத்தின் வேகம் தீர்ந்துபோகிறது. சுண்ணாம்பு நிறைந்த அந்தத் தண்ணீர் குகைக்குள் சொட்டும்போது எலும்பைக் கரைப்பதில்லை, காப்பாற்றுகிறது. சொட்டிச் சொட்டிச் சுண்ணாம்பு மறுபடி படிந்து, தரையின் மேல் சிமென்ட் பூசியது போல ஓர் ஓடு உண்டாகும். அதற்குக் கீழே அகப்பட்டது எல்லாம் பத்திரமாக இருக்கும். வங்கி லாக்கர் மாதிரி!

இங்கிலாந்தில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் அப்போதே இருந்தது. 1858-ல் டெவன் பகுதியில் பிரிக்ஸம் என்ற ஊரின் சுண்ணாம்புக் குகையை வில்லியம் பெங்கெலி தோண்டினார். சுண்ணாம்புப் படிவத்துக்கு அடியில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கற்கருவிகளும் சேர்ந்து கிடைத்தன. ஆறாயிரம் ஆண்டுக் கணக்கை உடைத்ததில் அந்தக் குகைக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படியானால் தென்னிந்தியாவிலும் ஒரு சுண்ணாம்புக் குகை அகப்பட்டால்?

எர்ரமலைக் காட்டுக்குள்

அகப்பட்டது. இன்றைய நந்தியால் மாவட்டத்தில் பேதம்செர்லா என்ற சிற்றூர். நந்தியால் - குண்டக்கல் ரயில் பாதையில் ஒரு நிலையம். அதைச் சுற்றியிருக்கும் மலைத்தொடரின் பெயர் எர்ரமலை. தெலுங்கில் 'எர்ர' என்றால் சிவப்பு. அப்படியே தமிழில் சொன்னால் செங்குன்றம்! ஒரு செங்குன்றத்தில் தொடங்கிய தேடல் இன்னொரு செங்குன்றத்துக்குப் போயிற்று.

ஆனால் இரண்டு செங்குன்றமும் ஒன்றல்ல. எர்ரமலையின் அடியில் இருப்பது அடுக்கடுக்கான சுண்ணாம்புக்கல். தோசையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது போலப் பலகை பலகையாகப் பிரியும். அதனால்தான் அதைச் சுலபமாக வெட்டி எடுத்து நம் சமையலறைக்கு அனுப்ப முடிகிறது. மேலே முள்ளும் புதருமாகக் காய்ந்த காடு. மழைக்குப் பிறகு சில மாதம் பச்சை, மற்ற நாளெல்லாம் வெயில் தகிக்கும்.

அங்கே பில்லசுர்கம் என்று ஒரு குகைக் கூட்டம். பில்வஸ்வர்கம் என்றும் சொல்வார்கள். குகைக்குப் பழந்தமிழில் 'பிலம்' என்று ஒரு சொல் உண்டு, அதை நினைவுபடுத்தும் பெயர். மதராஸ் ராணுவத்தைச் சேர்ந்த கேப்டன் நியூபோல்ட் என்பவர் இந்தக் குகைகளில் எலும்புகள் இருப்பதை 1844-லேயே எழுதியிருந்தார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் யாரும் பெரிதாக எட்டிப் பார்க்கவில்லை.

1880களில் நிலைமை மாறியது. அப்போது மதராஸ் கவர்னர் கிராண்ட் டஃப். லண்டனில் டார்வினுக்காக மேடைக்கு மேடை வாதாடிய விஞ்ஞானி தாமஸ் ஹக்ஸ்லிக்கு இந்தக் குகைகள் மேல் ஆர்வம் இருந்தது. கவர்னரும் ஆதரவு தந்தார். ஃபூட் நியூபோல்டின் குறிப்பை வைத்துக்கொண்டு குகைகளைத் தேடிப் போனார். பள்ளத்தைப் பார்த்து, தோண்ட வேண்டிய இடம் இதுதான் என்று முடிவு செய்தார். 1884, 1885-ல் பெரும்பகுதி வேலையை முன்னின்று நடத்தியது அவருடைய மகன், ராணுவ லெப்டினன்ட் ஹென்றி புரூஸ் ஃபூட். அப்பா கண்ட கனவை மகன் மண்வெட்டியோடு தோண்டினார் என்றே சொல்லலாம்.

பில்லசுர்கத்தைப் பார்த்தால் முதலில் குகை மாதிரியே இருக்காது. நடந்து போகும்போது தரை திடீரென்று பிளந்து ஆழமான பள்ளமாக இறங்கும். இப்படி மூன்று பள்ளங்கள். ஒரு காலத்தில் இவையே பெரிய குகைகளாக இருந்தன. கூரை இடிந்து விழுந்ததால் வானம் தெரிகிறது. செங்குத்தான பாறைச் சுவர்களில் ஆங்காங்கே மிச்சமிருக்கும் குகை வாய்கள். கூரையில் இடியாமல் நின்றுபோன ஒரு பகுதி பாலம் போல வளைந்து நிற்கிறது. ஃபூட் இந்தக் குகைகளுக்குத் தேவாலயக் கட்டடங்களை நினைத்துப் பெயர் வைத்தார். ஒன்று கதீட்ரல், இன்னொன்று சாப்டர் ஹவுஸ். எலும்பு நிறையக் கிடைத்த குகைக்கு சார்னல் ஹவுஸ், அதாவது செத்தவர் எலும்பைப் போட்டு வைக்கும் அறை. இன்னொன்றுக்கு பர்கேட்டரி, பாவம் கழுவும் இடம்! அந்த வெயிலில் வேலை செய்தவர்கள் வைத்த பெயர் என்பதால் பொருத்தம்தான்.

கிடைத்தது என்ன?

எலும்புகள் கிடைத்தன. ஒன்றிரண்டல்ல, குவியலாக. அவற்றை ரிச்சர்ட் லைடெக்கர் என்ற விலங்கியல் அறிஞர் ஆராய்ந்து 1886-ல் வெளியிட்டார். அதில் ஒரு காண்டாமிருகம். ஆமாம், காண்டாமிருகம்! இன்று அஸ்ஸாமுக்குப் போய்ப் பார்க்க வேண்டிய விலங்கின் சொந்தக்காரன் ஒருவன் ஒரு காலத்தில் கர்நூல் காட்டில் மேய்ந்திருக்கிறான். அதற்கு லைடெக்கர் கர்நூலின் பெயரையே வைத்தார். கழுதைப்புலி, முள்ளம்பன்றி, குரங்கு என்று பட்டியல் நீண்டது. தென்னிந்தியாவின் பழைய காடு எப்படி இருந்தது என்பதற்கு அதுவரை யாருமே காட்டாத சாட்சி அது.

எலும்பால் செய்த கருவிகள் என்று பலவற்றையும் ஃபூட் பட்டியலிட்டார். அவற்றில் எத்தனை உண்மையிலேயே மனிதன் செய்தவை, எத்தனை விலங்கு கடித்தும் தண்ணீர் உருட்டியும் அப்படி ஆனவை என்ற வாதம் அடுத்த நூற்றாண்டிலும் ஓயவில்லை.

ஆனால் அவர் தேடிப் போன ஆள்? பல்லாவரத்தில் அந்தக் கல்லைச் செதுக்கியவன்? அவன் அங்கே இல்லை.

ஃபூட்டின் வாழ்க்கையில் இது தோல்வியா? மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1891-ல் ஓய்வு பெற்ற பிறகும் கல் பொறுக்குவதை விடவில்லை. அவருடைய சேகரிப்பை 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கியது. எழும்பூரில் இன்றும் அந்தச் சேகரிப்பு இருக்கிறது. 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் இறந்தார். அவருக்கு நினைவுச் சின்னம் இருப்பது ஏற்காட்டில், அவர் குடும்பத்தோடு வாழ்ந்த மலையில். தான் சேர்த்த ஒவ்வொரு கல்லும் எந்த ஊர், எந்த இடம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அவருடைய விரிவான பட்டியல் அவர் இறந்த பிறகு, 1914, 1916-ல் அச்சாகி வந்தது. பின்னால் வந்தவர்கள் திரும்பப் போய்ப் பார்க்க முடிந்ததே அதனால்தான்.

பின்னால் வந்தவர்கள்

திரும்பப் போனார்கள். இரண்டு இடத்துக்கும் போனார்கள்.

அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்புவும் அவருடைய குழுவும் முறையாக அகழாய்வு செய்தார்கள். கல் எத்தனை காலம் மண்ணுக்குள் புதைந்திருந்தது என்பதை, அதில் இருக்கும் அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் அரிய வகைகளை அளந்து கணக்கிட்டார்கள். 2011-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது. சுமார் 15 லட்சம் ஆண்டுகள்! இந்தியாவில் கைக்கோடரி இவ்வளவு பழமையானது என்று அதற்கு முன் யாரும் நிரூபித்ததில்லை. 2018-ல் 'நேச்சர்' இதழில் இன்னொரு முடிவு. அதே இடத்தில் கைக்கோடரியை விட்டுவிட்டுச் சிறிய, நுட்பமான கருவிகளுக்கு மாறியது சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே என்று தெரியவந்தது. ஆனால் அந்த நவீன அகழாய்விலும் சில விலங்குப் பற்களும், விலங்குகளின் கால் தடங்கள் போன்ற சில பதிவுகளும்தான் கிடைத்தன. கருவி செய்தவனின் எலும்பு கிடைக்கவில்லை. ஃபூட்டின் பேரேடு இன்னும் நேராகவில்லை.

கர்நூல் பக்கம் வேறு மாதிரி நடந்தது. பேதம்செர்லா வட்டாரத்துக்குத் தெற்கே ஜுர்ரேரு என்ற சிற்றாற்றுப் பள்ளத்தாக்கில் ஜுவாலாபுரம் என்ற ஊர். அங்கே மண்ணுக்கடியில் வெள்ளைச் சாம்பல் படுகை. சுமத்ராவில் டோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்து விழுந்த சாம்பல்! மைக்கேல் பெட்ராக்லியாவும் ரவி கோரிசெட்டரும் அடங்கிய குழு அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகளைக் கண்டு 2007-ல் எழுதியது. அவ்வளவு பெரிய வெடிப்புக்குப் பிறகும் இங்கே மனிதர்கள் தாக்குப்பிடித்தார்கள் என்பது அவர்கள் வாதம். அதே ஊரில் ஒரு பாறை மறைவிடத்தில், சுமார் 35,000 ஆண்டுகளாகத் தொடரும் நுண்கருவிகளோடு மணிகளும், மனித மண்டையோட்டுத் துண்டுகளும் கிடைத்ததாக 2009-ல் அறிவித்தார்கள்.

மனித எலும்பு! ஃபூட் மகனோடு தோண்டிய வட்டாரத்திலேயே, கிட்டத்தட்ட 125 ஆண்டுகளுக்குப் பிறகு. ஆனால் அது நம்மைப் போன்ற நவீன மனிதனின் எலும்பு. கைக்கோடரிக்காரன் அவனுக்கு எவ்வளவோ காலம் முந்தியவன். இந்தியா முழுவதிலும் அந்தப் பழைய வகை மனிதனின் எலும்பு என்று பேசும்போது முதலில் சொல்லப்படுவது 1982-ல் நர்மதைக் கரையில் ஹத்னோரா என்ற இடத்தில் அருண் சொனாகியா கண்டெடுத்த மண்டையோடுதான். சென்னைக்காரனின் முகம் இன்னும் தெரியாது.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு

இவ்வளவு படித்த பிறகு ஒரு நடை போய்வரலாம் என்று தோன்றினால், வழி இரண்டு.

முதலாவது பக்கத்தில். பூண்டியைத் தாண்டி அல்லிக்குழி மலைத்தொடரில் குடியம் குகைகள். சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம். குடியம் கிராமத்திலிருந்து புதர்க்காட்டுக்குள் சில கிலோமீட்டர் நடக்க வேண்டும். தொல்லியல் துறை 1962 முதல் 1964 வரை இங்கே அகழாய்வு செய்திருக்கிறது. காப்புக்காடு என்பதால் வனத்துறை அனுமதி கேட்டுக்கொண்டு போவதே சரி. ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது சுண்ணாம்புக் குகை அல்ல. உருண்டைக் கூழாங்கற்கள் மணலோடு இறுகிய பாறை, கடலை மிட்டாயைப் பெரிதாகச் செய்து வைத்தது போல இருக்கும். உள்ளே ஆழமாகப் போகாது, பெரிய தாழ்வாரம் மாதிரி. அந்த மிட்டாயில் பதிந்திருக்கும் 'கடலை'தான் குவார்ட்சைட் உருளைக்கல், கைக்கோடரிக்கான மூலப்பொருள். வழியில் பூண்டியில் தமிழகத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தையும் பார்த்துவிட்டுப் போனால் காட்டில் என்ன பார்க்கிறோம் என்பது புரியும்.

இரண்டாவது தூரத்தில், அசல் சுண்ணாம்பு மலை. அதற்கு ஒரு ராத்திரிப் பயணம் வேண்டும். எல்லோரும் போவது பேலும் குகை. சென்னை - மும்பை ரயில் பாதையில் இருக்கும் தாடிபத்ரியில் இறங்கிப் போகலாம். அதையும் 1884-ல் ஃபூட் குறிப்பிட்டிருக்கிறார். 1980களின் தொடக்கத்தில் கெபாயர் தலைமையில் ஜெர்மன் குழு உள்ளே புகுந்து அளந்தது. இதுவரை அளந்த நீளம் 3,229 மீட்டர். 2002-ல் விளக்குப் போட்டுப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். காற்றுக் குழாய் எல்லாம் வைத்திருந்தாலும் உள்ளே வியர்த்துக் கொட்டும். மலை ஏறிக் குகைக்குள் சாமி கும்பிட வேண்டும் என்றால் யாகந்தி இருக்கிறது. உமா மகேஸ்வரர் கோயிலை ஒட்டிய பாறையில் படி ஏறினால் சுண்ணாம்புக் குகைகள். கூட்டம் இல்லாமல் நடக்க நினைப்பவர்கள் பேதம்செர்லாவில் இறங்கி பில்லசுர்கம் போகலாம். விளக்கு கிடையாது, கடை கிடையாது. உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, தண்ணீர் நிறைய எடுத்துக்கொண்டு, டிசம்பர் ஜனவரியில் போவது நல்லது. ஏப்ரல் மே என்றால் பர்கேட்டரிதான்!

எங்கே போனாலும் இரண்டு விஷயம். குகைக்குள் தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளைத் தொடக் கூடாது. கையில் இருக்கும் எண்ணெய்ப் பசை பட்டால் அந்த இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படியாமல் போய்விடும். தரையில் கிடக்கும் கல்லை நினைவுக்காகப் பையில் போடக் கூடாது. எந்த இடத்தில் கிடந்தது என்று தெரியாத கைக்கோடரிக்கும் சாதாரணக் கருங்கல்லுக்கும் ஆராய்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை.

விலைப்பட்டியலில் இல்லாத ஒன்று

பேதம்செர்லா பக்கம் இன்றைக்கு முக்கியத் தொழில் கல் வெட்டுவதும் பாலிஷ் போடுவதும்தான். பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு. அதைக் குறை சொல்ல முடியாது. சமையலறையில் அந்தக் கல்லை வைத்துக்கொண்டு குறை சொல்வது நியாயமும் இல்லை. ஜுவாலாபுரத்து டோபா சாம்பலையும் அள்ளி, துலக்கும் தூள் செய்ய விற்றிருக்கிறார்கள். 74,000 ஆண்டுக்கு முந்தைய எரிமலைச் சாம்பல் யார் வீட்டுப் பாத்திரத்தையோ விளக்கியிருக்கிறது.

கல்லின் விலையில் வெட்டுக்கூலி, லாரி வாடகை, வரி, லாபம் எல்லாம் சேரும். அந்தக் கல்லுக்குள் என்ன இருந்திருக்கும் என்பது மட்டும் எந்த வரியிலும் சேராது. செம்மண் எலும்பைத் தின்றுவிட்டது, அதை யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் சுண்ணாம்பு மலை பத்திரமாக வைத்திருப்பதை மனிதனே உடைத்துவிட்டால், அப்புறம் தேடுவதற்கு வேறு மலை இல்லை. எல்லா மலையையும் பூட்ட வேண்டும் என்பதில்லை. வெட்டுவதற்கு முன்னால் குகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் முதலில் ஆராய்ந்துவிட வேண்டும். ஃபூட்டைப் போல ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு வாரம் நடந்தால்கூட எவ்வளவோ மிச்சமாகும்.

கடைசியாக ஒரு விஷயம். புழல் ஏரியில் வந்து சேரும் கிருஷ்ணா தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஸ்ரீசைலம் அணையில் தேங்கி, நந்தியால், கடப்பா மாவட்டங்கள் வழியாகக் கால்வாயில் ஓடி, கண்டலேறு வந்து, ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டு எல்லையில் நுழைந்து பூண்டியில் விழுகிறது. 1996 முதல் இப்படி வருகிறது. அதாவது ஃபூட் எலும்பு தேடிய சீமையைக் கடந்து, அவர் கல் கண்ட சீமைக்கு வந்து, பிறகு மாதவரத்துக் குழாயில் சொட்டுகிறது. இருபது ஆண்டு இடைவெளியில் அவர் போன அதே வழியை, தண்ணீர் தலைகீழாக வருகிறது.

அடுத்த முறை கடப்பாக் கல் மேடையில் எலுமிச்சம்பழம் வைக்கும்போது கொஞ்சம் கவனம். கறை விழும் என்பதற்காக மட்டும் அல்ல.